பிராக்கெட் அத்தான்

மார்ச் 3, செவ்வாய்

காலையில் எழுதிய புரோகிராம் கோட் முழுவதையும் மாலைக்குள் பாதியாகச் சுருக்கிவிட்டேன். அதே வேலையை இன்னும் ஒழுங்காகச் செய்கிறது. இந்த மாதிரி நாளில் நாற்காலியைச் சுழற்றி, "அத்தான், இங்க வந்து பாருங்களேன்!" என்று கத்துவது என் வழக்கம். கத்த வாயைத் திறந்தும் விட்டேன். பக்கத்து நாற்காலி காலி. யாரோ தன் ஹெல்மெட்டை அதன் மேல் வைத்திருந்தார்கள். எடுத்துத் தரையில் வைத்தேன். அது என்ன பொது இடமா?

டீ குடிக்கும்போது புது மேனேஜர் கேட்டார்: "நீங்களும் உங்க அக்கா வீட்டுக்காரரும் பெரிய சண்டைக்காரங்களாமே? என்ன சண்டை?"

என்னவென்று சொல்ல! புரோகிராமில் ஒரு வேலைக்குள் இன்னொரு வேலை இருக்கும். எது எதற்குள் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லியாக வேண்டும். ஒரு கட்சி, உள்ளே இருப்பதைச் சுற்றி பிராக்கெட் போடும். இங்கே ஆரம்பம், இங்கே முடிவு. இன்னொரு கட்சி, உள்ளே இருக்கிற வரிகளைக் கொஞ்சம் வலதுபுறம் தள்ளி எழுதும், அவ்வளவுதான். வெறும் இடைவெளி. அத்தான் முதல் கட்சி, நான் இரண்டாவது. அதனால்தான் ஆபீசில் அவர் பெயர் பிராக்கெட், என் பெயர் ஸ்பேஸ்.

"இதுக்கா இத்தனை வருஷம்?" என்றார். கணக்குப் பிரிவிலிருந்து வந்த மனுஷன், பாவம். அவருக்கு வேறு சண்டைகள் இருந்திருக்கும்.

மார்ச் 5, வியாழன்

மேனேஜர் விடவில்லை. எங்கள் சொந்த மொழியைக் காட்டச் சொன்னார். கம்பெனியின் வாஷிங் மெஷின்கள் எப்போது எதைச் செய்ய வேண்டும் என்று எழுதுவதற்காகவே நான் உருவாக்கிய குட்டி மொழி. தமிழாக்கினால் இப்படி இருக்கும்:

நுரை இருக்கும் வரை
    தண்ணீர் விடு
    சுற்று
    தண்ணீரை வடி
கதவைத் திற

ஒரு பிராக்கெட் கிடையாது. அரைப்புள்ளி கிடையாது. தள்ளி எழுதிய மூன்று வரியும் திரும்பத் திரும்ப நடக்கும். தள்ளாத கடைசி வரி, எல்லாம் முடிந்த பிறகு நடக்கும். மேனேஜர் படித்துவிட்டு, "அட, எனக்கே புரியுதே!" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இதைவிடப் பெரிய பாராட்டு ஒரு மொழிக்கு உண்டா? எழுத்தாளர் எழுதுகிற மாதிரி, பத்தி பிரித்து, மூச்சு விட இடம் விட்டு — எனக்கு இன்னும் இதைத் திறந்தால் ஆசையாகத்தான் இருக்கிறது.

இந்த மொழி ஓட்டுக்கு வந்த அன்று அத்தான் ஒருவர்தான் எதிர்த்துக் கை தூக்கினார். "கண்ணுக்குத் தெரியாத ஒண்ணை நம்பி மெஷினை ஓட்டுறது எனக்குச் சரியாப் படல" என்றார். தோற்ற மறுநாளிலிருந்து அந்த மொழியில் என்னைவிட அழகாக எழுதினார். நான் எழுதியதைக் கிழித்துத் தோரணமும் கட்டினார். எங்கள் ஆபீசில் ஒருவர் எழுதிய கோடை இன்னொருவர் படித்துச் சம்மதித்தால்தான் விற்கிற மெஷினுக்குள் போகும். என்னுடையது எப்போதும் அத்தான் மேஜைக்குப் போகும். திரும்பி வரும். மறுபடி போகும். மறுபடி திரும்பும். அவர் சரி என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு நான் இரண்டு டீ குடிப்பேன்.

மார்ச் 6, வெள்ளி

மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார். "அவர் இடத்தை ஜூன் வரைக்கும்தாம்மா காலியா வச்சிருக்க முடியும். புது மாடலுக்கு ஆள் வேணும். அவர் வந்து கோட் எழுதினா எனக்குச் சந்தோஷம். முடியலைன்னா கஸ்டமர் கேர்ல போன் எடுக்கிற வேலை இருக்கு. சம்பளம் குறையாம நான் பாத்துக்கறேன்."

நல்ல மனுஷர். கோபப்படக்கூட வழி வைக்கவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

மாடியிலிருந்து இறங்கி அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். அத்தான் ஜன்னலோர நாற்காலியில். கண்ணில் அழுத்தம் — பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிச் சுருங்கி, போன மழைக்காலத்தில் மொத்தமாகப் போய்விட்டது. போனது வராது என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். அன்றையிலிருந்து மனுஷன் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. அவருடைய கீபோர்டின் மேல் அக்கா துண்டு போட்டு மூடி வைத்திருக்கிறாள்.

மேனேஜர் சொன்னதைச் சொன்னேன்.

"போன் எடுக்கறதுல என்ன கேவலம்? நல்ல வேலைதானே" என்றார் அத்தான். ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருந்தார், வாயில் போடவில்லை. அப்புறம், "என் வேலை இல்ல. அவ்வளவுதான்" என்றார்.

அக்கா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அந்த அடுப்பைப் பார்த்தாலே எனக்கு எரிகிறது. போன வருஷம் அத்தான் ஆசையாக வாங்கியது. முழுக்கக் கண்ணாடி, ஒரு மேடு பள்ளம் கிடையாது. தடவினால் எரியும், தடவினால் அணையும். எங்கே தடவுவது என்று கண் சொன்னால்தான் உண்டு. அக்கா நகப்பூச்சை எடுத்து ஒவ்வொரு இடத்திலும் ஒரு சொட்டு வைத்துக் காயவிட்டிருக்கிறாள். இப்போது அத்தான் விரலால் தேடித் தானே பால் காய்ச்சுகிறார்.

"சிவப்பு எதுக்குடி? அவருக்கு எந்தக் கலரா இருந்தா என்ன?" என்றேன்.

"எனக்கு அழகா இருக்க வேணாமா?" என்றாள்.

இத்தனை பேர் உட்கார்ந்து யோசித்துச் செய்த அடுப்பை ஒரு சொட்டு நகப்பூச்சால் திருத்தியிருக்கிறாளே, என் அக்கா! எங்கள் கம்பெனியில் அவளை வேலைக்கு வைக்க வேண்டும்.

மார்ச் 12, வியாழன்

என் வீட்டு வாஷிங் மெஷினைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. எங்கள் கம்பெனி மெஷின் இல்லை (வெளியே சொல்லாதே). பழசு. நடுவில் ஒரு பெரிய திருகு. திருப்பினால் டக், டக், டக். ஒவ்வொரு டக்கும் ஒரு சலவை. கையை வைத்தவுடன் எந்த இடத்தில் நிற்கிறது என்று விரலுக்கே தெரியும். முன்னால் திருப்பியது மறக்காது. கரண்ட் போய் வந்தாலும் அதே இடத்தில் நிற்கும். யார் இதைச் செய்தார்களோ, அவர்கள் கை நோகாமல் இருக்கட்டும்.

மார்ச் 15, ஞாயிறு

போனில் ஒரு அமைப்பு இருக்கிறது. போட்டுவிட்டால் திரையில் விரல் படும் இடத்தையெல்லாம் போன் வாயால் சொல்லும். எத்தனையோ வருஷமாக என் பையிலேயே இருந்திருக்கிறது; நான் ஒரு நாள் திறந்ததில்லை. இன்று கண்ணை மூடிக்கொண்டு போட்டுப் பார்த்தேன். ஐயோ, முதலில் ஒரே கலவரம். அத்தனை கடையும் ஒரே நேரத்தில் கூவுகிற மாதிரி. கொஞ்ச நேரம் பொறுமையாகத் தடவியதும் — இதோ போன், இதோ மெசேஜ், இதோ அக்கா. கண்ணைத் திறக்காமல் அக்காவுக்கு 'சாப்பிட்டியா' என்று அனுப்பினேன். 'கீழேதானே இருக்கேன், கத்தினா கேக்காதா' என்று பதில் வந்தது. அதையும் போனே படித்துக் காட்டியது.

அசந்து போய் உட்கார்ந்திருந்தேன். விளம்பரத்தில் ஒரு வரி வராத இந்த வேலைக்காக எங்கோ ஒரு கூட்டம் மாய்ந்து மாய்ந்து உழைத்திருக்கிறது. வளைந்த திரைக்கும் ஐந்தாவது கேமராவுக்கும் கை தட்டுகிறோமே, இதற்கு யார் தட்டியது?

அத்தானிடம் சொன்னேன். "அந்தப் போன் பொம்பளை பேசற வேகத்துக்கு எனக்கு மூச்சு வாங்குது. வேணாம் விடு" என்றார். சொல்லும்போது முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மார்ச் 22, ஞாயிறு

இன்றைக்கு ஒரு திருட்டுத்தனம் செய்தேன். லேப்டாப்பை எடுத்துக்கொண்டு கீழே போய், அத்தான் பக்கத்தில் உட்கார்ந்து, வேண்டுமென்றே கேவலமான கோட் எழுதினேன். எழுதிக்கொண்டே வாய்விட்டுப் படித்தேன். "தண்ணீர் விடு... சுற்று... கதவைத் திற... தண்ணீரை வடி..."

முதலில் இருமினார். அப்புறம் நாற்காலியில் நெளிந்தார். நான் விடாமல் இன்னும் அசிங்கமாக நாலு வரி.

"ஏய், கதவைத் திறந்துட்டா தண்ணியை வடிப்ப?"

"ஏன், வடிச்சா என்ன?"

"வீடு மிதக்கும்! உனக்கு என்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? கொண்டா இங்க" என்று கையை நீட்டினார். நீட்டிய கை அப்படியே நின்றது. எதை வாங்குவது என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. நான் லேப்டாப்பை அந்தக் கையில் வைத்தேன்.

அக்கா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே போய்க் கீபோர்டின் மேலிருந்த துண்டை எடுத்து உதறி மடித்தாள்.

ஏப்ரல் 6, திங்கள்

அத்தான் ஆபீசுக்கு வந்துவிட்டார்! ஒரு கை என் தோளில், இன்னொரு கையில் கோல். லிப்டில் எங்கள் மாடிப் பொத்தானைத் தானே தடவிக் கண்டுபிடித்தார். பொத்தானுக்குப் பக்கத்தில் புள்ளிகள் புடைத்திருப்பதை நான் இன்றுதான் கவனிக்கிறேன். இத்தனை நாள் அலங்காரம் என்று நினைத்திருந்தேன். சே.

ஆபீசில் எல்லோரும் 'பாருங்க', 'பார்க்கலாம்' என்ற வார்த்தைகளையே மறந்துவிட்டார்கள். லேப் அண்ணன் — மெஷின்களைச் சோதிக்கிறவர் — "மதியம் உங்களை வந்து... வந்து... சந்திக்கிறேன் சார்" என்று முழி பிதுங்கினார்.

"பாக்கறேன்னே சொல்லுய்யா. நானும் பாக்கறேன்னுதான் சொல்லப்போறேன்" என்றார் அத்தான்.

ஏப்ரல் 8, புதன்

அவர் கம்ப்யூட்டரிலும் திரையைப் படித்துச் சொல்லும் குரல் போட்டாகிவிட்டது. ஹெட்போனை எனக்கு ஒரு நிமிஷம் கொடுத்தார். என் கோட். நான் செதுக்கிச் செதுக்கி எழுதியது.

"ஸ்பேஸ் ஸ்பேஸ் ஸ்பேஸ் ஸ்பேஸ் தண்ணீர் விடு. ஸ்பேஸ் ஸ்பேஸ் ஸ்பேஸ் ஸ்பேஸ் ஸ்பேஸ் ஸ்பேஸ் ஸ்பேஸ் ஸ்பேஸ்..."

"உன் பேரை உருப்போட்டுக்கிட்டே இருக்கு" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் மூச்சு விட இடம் விட்டிருக்கிறேன் என்று பீற்றிக்கொண்டேனே, அந்த இடத்தை எல்லாம் இந்தக் குரல் கல்லும் மண்ணும் போட்டு நிரப்புகிறது.

ஏப்ரல் 10, வெள்ளி

குரல் ஸ்பேஸ் ஸ்பேஸ் என்று சொல்லாதபடி அமைப்பை மாற்றிவிட்டாராம். "காது புண்ணாப் போச்சு. வரி எங்க இருக்குன்னு நானே யூகிச்சுக்கறேன்." இவ்வளவு நாள் எழுதிய கையாச்சே, சமாளிப்பார்.

ஏப்ரல் 21, செவ்வாய்

என் கோடை அவருக்கு அனுப்பினேன். உடனே சரி என்று வந்துவிட்டது. ஒரு குறை சொல்லவில்லை. ஒரு கிண்டல் இல்லை.

டீ குடிக்கப் போகவில்லை.

மே 5, செவ்வாய்

எப்படி எழுதுவது இதை.

புது மாடலுக்கு அத்தான் எழுதிய முதல் சலவைக் கோட். யாரும் படித்துப் பார்க்கும் முன்பே லேப்பில் சோதனைக்கு ஓட்டினோம். சோதனை மெஷினில் பாதுகாப்புப் பூட்டு இருக்காது, கழற்றித்தான் வைத்திருப்போம். மேனேஜர், லேப் அண்ணன், நான், அத்தான். தண்ணீர் ஏறியது. சுற்றியது. நன்றாகத்தான் சுற்றியது. அப்புறம் நுரை போகும் முன்பே கதவு பட்டென்று திறந்தது, திறந்த மெஷினில் தண்ணீர் மறுபடி ஏறியது. அத்தனை தண்ணீரும் நுரையும் மேனேஜர் ஷூவில்.

'கதவைத் திற' என்ற வரி ஒரு படி உள்ளே போயிருக்கிறது, அதனால் கடைசியில் திறக்க வேண்டிய கதவு முதல் சுற்றிலேயே திறந்துவிட்டது. அவ்வளவுதான். பார்க்கிற யாருக்கும் பார்த்தவுடன் தெரியும். அவருக்குக் கேட்கவில்லை. எப்படிக் கேட்கும்? இடைவெளிக்கு ஏது சத்தம்? பிராக்கெட்டாக இருந்தால் குரல் வாய்விட்டுச் சொல்லியிருக்கும், இங்கே முடிந்தது என்று. நான்தானே அதை வேண்டாமென்று ஒற்றைக்காலில் நின்றேன்.

லேப் அண்ணன் துடைப்பத்தை எடுத்தார். மேனேஜர் "பரவாயில்ல, பரவாயில்ல" என்றார். அத்தான் கோலால் தண்ணீரைத் தட்டிப் பார்த்தார். எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று அளக்கிற மாதிரி சுற்றிச் சுற்றித் தட்டினார். அப்புறம், "எனக்குப் போன் வேலையே போதும்" என்றார். வேண்டாம் என்று நான் தடுத்தேனா? இத்தனை வாய் எனக்கு எதற்கு?

மே 6, புதன்

அத்தான் வரவில்லை. லீவு சொல்லிவிட்டார், இனி திங்கள்தான் வருவாராம்.

அக்கா மாடிக்கு வந்தாள். "ரூமைப் பூட்டிக்கிட்டு அந்தக் கம்ப்யூட்டரோட ஏதோ பண்றாருடி. எல்லாத்தையும் அழிக்கிறாரோ என்னவோ. சாப்பாட்டை வாங்கி உள்ள வச்சுக்கறார்." அவள் அழவில்லை. அழாமல் இருப்பதுதான் பயமாக இருக்கிறது.

முடிவு செய்துவிட்டேன். என் மொழியை மாற்றப் போகிறேன்.

மே 9, சனி

பிராக்கெட்! நான்! என் கையால்!

மேனேஜரிடம் அனுமதி வாங்கியாகிவிட்டது. மொழியைப் படிக்கும் புரோகிராமைத் திறந்து, இடைவெளியைப் பார்க்கும் பகுதியை அறுத்தெறிந்தேன். வலித்தது. பொய் சொல்வானேன், தூக்கிப் போட்ட ஒவ்வொரு வரிக்கும் வலித்தது. பிராக்கெட்டைப் பார்க்கும் பகுதியை எழுத ஆரம்பித்தேன். எழுத எழுத ஒரு ஆச்சரியம்: இது எவ்வளவு நேர்மையான குறி! திறந்தால் மூட வேண்டும். மூடாவிட்டால் உடனே கத்தும். ஒளிவு மறைவு கிடையாது. அத்தான் இத்தனை வருஷம் கரடியாகக் கத்தியது இதைத்தான். ஒத்துக்கொள்கிறேன் — இந்த டைரியில் மட்டும்.

மே 10, ஞாயிறு

பழைய சலவைகள் அத்தனையையும் புது முறைக்கு மாற்றியாயிற்று. அதோடு விடுவேனா? இடைவெளிதானே அவர் காதைப் புண்ணாக்கியது. அதில் ஒன்றைக்கூட மிச்சம் வைக்கவில்லை. எல்லா வரியையும் இழுத்து இடது ஓரத்தில் ஒட்டவைத்தேன். பார்க்கச் சகிக்கவில்லை. மொட்டை அடித்த மாதிரி இருக்கிறது. இருக்கட்டும். பார்ப்பதற்காக இல்லை.

நாளைக்கு அத்தான் முகத்தைப் பார்க்க வேண்டும்!

மே 11, திங்கள்

சிரித்து வயிறு வலிக்கிறது. அழுதும் இருக்கிறேன். வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் அத்தான் என் தோளைப் பிடித்துக்கொண்டு துள்ளாத குறையாக நடந்து வந்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான்தானே ஆச்சரியம் கொடுக்கப் போகிறேன், இவர் ஏன் குதிக்கிறார்? உட்கார்ந்ததும் ஹெட்போனை மாட்டினார். "ஸ்பேஸு, நாலு நாளா ரூமைப் பூட்டிக்கிட்டு என்ன பண்ணேன்னு இப்பக் காட்டறேன் பாரு" என்றார். என் பழைய கோடைத் திறந்தார். கேட்டார். முகம் சுருங்கியது. அடுத்ததைத் திறந்தார். அதற்கடுத்ததை.

"யாரு... யாரு இதையெல்லாம் இஸ்திரி போட்டது?"

"என்ன அத்தான்?"

"எல்லாம் தட்டையா இருக்கு! ஏற்ற இறக்கமே இல்ல! எங்க போச்சு எல்லாம்?"

விஷயம் இதுதான். அந்தக் குரலின் அமைப்புகளை நோண்டிக்கொண்டே போயிருக்கிறார், மனுஷனுக்குத் தூக்கமில்லை. எங்கேயோ அடியில், யாரும் எட்டிப் பார்க்காத மூலையில் ஒரு பெட்டி. அதை டிக் செய்தால் ஸ்பேஸ் ஸ்பேஸ் என்று ஓதாது. அதற்குப் பதிலாக ஒரு சுரம் கொடுக்கும். வரி எவ்வளவு உள்ளே தள்ளி இருக்கிறதோ, சுரம் அவ்வளவு மேலே. வெளியே வந்தால் கீழே. யாரோ ஒரு மகராசன் என்றைக்கோ செய்து வைத்திருக்கிறான். நாலு நாள் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்த என் பழைய கோடைத்தான் போட்டுப் போட்டுக் காதைப் பழக்கியிருக்கிறார்.

"பிராக்கெட்டா இருந்தா ஒவ்வொண்ணாக் கேட்டு எண்ணிக்கிட்டே வரணும். இது அப்படி இல்ல. வரியைத் தொட்டதும் எத்தனாவது படியில நிக்கறேன்னு தெரியுது. உன் மொழி ஏறி இறங்குதுடி! பாட்டு மாதிரி இருந்துச்சு! அதைப் போய் எவனோ..."

"நான்தான் அத்தான்" என்றேன்.

"என்னது?"

"பிராக்கெட் போட்டிருக்கேன். உங்களுக்காக."

"நீயா?"

"நானேதான்."

"நீ பிராக்கெட் போட்டியா?" என்று எழுந்தே விட்டார். ஆபீஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவர் சிரிக்க ஆரம்பித்தார், நானும் ஆரம்பித்தேன், நிறுத்த முடியவில்லை. மேனேஜர் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "மறுபடி தண்ணியா?" என்றார். அதற்கு மேல் எங்களால் முடியவில்லை.

மே 12, செவ்வாய்

பழைய கோடெல்லாம் பத்திரம். நாங்கள் எழுதும் ஒவ்வொரு மாற்றத்தையும், மாற்றத்துக்கு முன்னால் எப்படி இருந்தது என்பதையும் சேமித்து வைக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. ஒரே கட்டளையில் மொழி பழையபடி இடைவெளிக்கே திரும்பிவிட்டது. மொட்டை அடித்த வரிகளுக்கு முடி முளைத்துவிட்டது. உலகத்தில் இதுவரை செய்யப்பட்ட கருவிகளில் எனக்குப் பிடித்தது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். செய்ததைச் செய்யாமல் ஆக்குகிறது. வாழ்க்கையில் வேறு எதில் இந்த வசதி இருக்கிறது?

மதியம் ஹெட்போனை எனக்கு மாட்டிவிட்டார். கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். என் கோட் ஓடியது. ஒரு படி ஏறியது, இன்னொரு படி, அங்கேயே கொஞ்சம் நின்று, இறங்கி, பழைய இடத்துக்கு வந்து நின்றது. நான் எழுதியதுதான். முதல் தடவையாகக் கேட்கிறேன். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவருக்குத் தெரிந்திருக்காது என்று நினைத்தேன். கைக்குட்டையை நீட்டினார்.

மே 26, செவ்வாய்

அத்தான் எழுதிய கம்பளிச் சலவை இன்று லேப்பில். கம்பளிதான் இருப்பதிலேயே கடினம். கொஞ்சம் முரட்டுத்தனமாகச் சுற்றினால் பெரியவர் சட்டை குழந்தைச் சட்டையாகிவிடும். வேலைக்குள் வேலை, அதற்குள் வேலை என்று ஆழமாகப் போகும். அத்தான் இரண்டு வாரமாக ஹெட்போனும் கையுமாக இருந்தார். எழுதியதை என்னிடம்கூடத் திருத்தத் தரவில்லை. "மேனேஜர் முன்னாடி ஓடட்டும். மிதந்தா நானே போன் எடுக்கப் போயிடறேன்" என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை.

மேனேஜர் வந்தார். பேன்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டுக்கொண்டு! சிரிப்பை அடக்க முடியாமல் சுவரைப் பார்த்தேன். லேப் அண்ணன் சோதனைத் துணியை எடுத்தார். மேனேஜர், "இருங்க" என்றார். தான் போட்டிருந்த ஸ்வெட்டரைக் கழற்றி அத்தான் கையில் கொடுத்தார்.

"சார், இது உங்க..." அத்தான் தடவிப் பார்த்தார். "நல்ல கம்பளி சார் இது. வேணாம்."

"என் வீட்டம்மா பின்னினது. போடுங்க."

மெஷின் ஓடியது. யாரும் உட்காரவில்லை. அத்தான் மெஷின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். சுற்றியது, நின்றது, மெதுவாக மறுபக்கம் சுற்றியது. வடிகிற சத்தம் வந்தது. முழுக்க வடிந்தது. அப்புறம்தான், எல்லாம் முடிந்து, கதவு திறந்தது.

ஸ்வெட்டரை எடுத்து மேனேஜர் ஈரத்தோடு தன் மேல் வைத்துப் பார்த்தார். அளவு அப்படியே இருந்தது. பேன்ட்டைக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டார்.

அக்காவுக்குப் போன் போட்டேன். "மிதக்கலடி" என்றேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். இப்போதுதான் அழுகிறாள். அழட்டும்.

ஜூன் 1, திங்கள்

மேனேஜர் அத்தானை அறைக்குக் கூப்பிட்டார். நான் இங்கே ஒரே வரியை அழித்து அழித்து எழுதிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து உட்கார்ந்தார். "என்ன சொன்னார்?" என்றேன். அடுத்த மாடலுக்கு என்னென்ன சலவை வேண்டும் என்று பேசினாராம். போன் வேலையைப் பற்றிப் பேச்சே வரவில்லையாம்.

"நீங்க கேக்கலையா?"

"எதுக்குக் கேக்கணும்? அவருக்கே மறந்து போச்சு போல."

ஜூன் 4, வியாழன்

புதிதாக எழுதிய சலவையை அத்தானுக்கு அனுப்பினேன். நன்றாக வந்திருந்தது என்றுதான் நினைத்தேன். செதுக்கியிருந்தேன்.

திரும்பி வந்துவிட்டது.

கீழே அவர் எழுதியிருந்தது: 'நடுவில் காரணமே இல்லாமல் மூன்று படி ஏறுகிறாய். காதில் குத்துகிறது. பிரித்து எழுது. இதைக்கூடக் கவனிக்க முடியாதா? பி.கு.: என்ன இருந்தாலும் பிராக்கெட் பிராக்கெட்தான்.'

நாற்காலியைச் சுழற்றி, "இதெல்லாம் ஒரு குறையா? வேணும்னே பண்றீங்க!" என்று கத்தினேன். அவர் ஹெட்போனைக் கழற்றவே இல்லை. கையை மட்டும் ஆட்டினார், போ, போய் எழுது என்று.

பிரித்து எழுதி அனுப்பினேன். மறுபடி திரும்பி வந்தது.

கீழே போய் இரண்டு டீ குடித்தேன்.